கன்னியாகுமரி மாவட்டத்தில் ஃபிலிம் கழுவ கெமிக்கல் வாங்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அப்பாவின் பழைய கேமராவில் ஒரு ரோல் ஓட்டி முடித்ததும் எல்லாருக்கும் ஒரே மாதிரி சந்தேகங்கள்தான் வருகின்றன. நாகர்கோவில், மார்த்தாண்டம், குளச்சல் பக்கத்து ஆட்கள் கேட்டவற்றை அவரவர் கேட்ட வாக்கிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். கெமிக்கல் வாங்குவதும், வாங்கியதைக் கெடாமல் வைப்பதும்தான் பேச்சு. படம் எடுக்கும் கலைக்குள் போகவில்லை. பெரும்பகுதி கறுப்பு வெள்ளை ஃபிலிமைப் பற்றியது.

வீட்டுலயே கறுப்பு வெள்ளை ஃபிலிம் கழுவணும். மொத்தத்துல என்னெல்லாம் வாங்கணும்?

கெமிக்கலில் தவிர்க்கவே முடியாதவை இரண்டு: படத்தைத் தெரியவைக்கும் டெவலப்பர், அதை அழியாமல் நிறுத்தும் ஃபிக்ஸர். இரண்டுக்கும் நடுவில், டெவலப்பரின் வேலையை நிறுத்தும் ஸ்டாப் பாத் வரும். ஃபிலிமுக்கு அதற்குப் பதிலாக நல்ல தண்ணீரை மூன்று தடவை மாற்றி அலசினாலும் வேலை நடக்கும். தண்ணீர் சொட்டாக நிற்காமல் வழிய, கடைசி அலசலில் சேர்க்க வெட்டிங் ஏஜென்ட் ஒரு சின்ன பாட்டில் வாங்கினால் வருஷக்கணக்கில் வரும், லிட்டருக்கு 5 மில்லிதான் செலவு.

சாமான் வகையில் டேங்க், ரீல், சேஞ்சிங் பேக் (கையை நுழைத்து இருட்டில் ஃபிலிம் ஏற்றும் பை), தெர்மாமீட்டர், அளவுக் குவளை, மூன்று பாட்டில், துணி கிளிப். தனி டார்க்ரூம் தேவையில்லை. ஃபிலிமை ரீலில் ஏற்றி டேங்கை மூடும் வரைக்கும்தான் இருட்டு, அதற்குப் பிறகு எல்லாம் அடுக்களை வெளிச்சத்திலேயே நடக்கும். பேப்பரில் பிரின்ட் போடுவதாக இருந்தால் மட்டுமே என்லார்ஜர், டிரே, சிவப்பு விளக்கு.

இதெல்லாம் நாகர்கோவில்ல கிட்டுமா, இல்ல திருவனந்தபுரம் போணுமா?

கோடாக், இல்ஃபோர்டு என்று பெயர் போட்ட டப்பாவே வேண்டும் என்றால் இரண்டு ஊரிலும் அலைய வேண்டாம். ஆன்லைனில் ஃபிலிம் விற்கும் இந்தியக் கடைகளில் வரவழைப்பதே நேர்வழி. மும்பை, டெல்லி பக்கம் போகிறவர்கள் இருந்தால் மும்பை ஃபோர்ட் பகுதியின் போரா பஜார், டெல்லி சாந்தினி சௌக்கின் கூச்சா சௌத்ரி மார்க்கெட் இரண்டிலும் பழைய போட்டோ சாமான் கடைகள் உண்டு.

ஆனால் டப்பாவுக்குள் இருக்கும் பொருட்களில் பாதிக்கு மேல் இந்த மாவட்டத்திலேயே வேறு வேறு தொழிலின் பெயரில் விற்பனையில் இருக்கின்றன. கல்லூரி ஆய்வகங்களுக்குச் சப்ளை செய்யும் கெமிக்கல் கடை, வளர்ப்பு மீன் கடை, ரப்பர் சாமான் கடை, நாட்டு மருந்துக் கடை என நாலு இடம். "போட்டோ கெமிக்கல் இருக்கா" என்று கேட்டால் நாலு இடத்திலும் இல்லை என்றுதான் பதில் வரும். பொருளின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். எங்கே எதைக் கேட்பது என்பதைக் கீழே ஒவ்வொன்றாகச் சொல்லியிருக்கிறோம்.

பவுடர் வாங்கவா, லிக்விட் வாங்கவா?

மாசத்துக்கு நாலைந்து ரோல் கழுவுகிறவருக்கு கோடாக்கின் டி-76 அல்லது இல்ஃபோர்டின் ஐடி-11 டெவலப்பர் பவுடர் நல்லது. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மருந்து. ஒன்று கவனம்: ஒரு லிட்டர் பாக்கெட்டைப் பிரித்தால் முழுவதையும் ஒரே தடவையில் கலக்க வேண்டும். பாதியை எடுத்துவிட்டு மீதியைக் கட்டி வைத்தால், உள்ளே மெட்டால் என்ற முக்கிய மருந்து எந்த மூலையில் கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. முதல் பாதி ஒரு மாதிரி, அடுத்த பாதி வேறு மாதிரி வரும்.

மூன்று மாசத்துக்கு ஒரு ரோல் என்றால் ரோடினால் மாதிரி கெட்டியான லிக்விட் டெவலப்பர் வாங்குங்கள். 1891 முதல் விற்பனையில் இருக்கும் சரக்கு. 1+50, அதாவது ஒரு பங்குக்கு 50 பங்கு தண்ணீர் என்ற கணக்கில் 300 மில்லி டேங்குக்கு 6 மில்லி போதும், திறந்த பாட்டிலும் வருஷக்கணக்கில் நிற்கும். படத்தில் துகள் துகளாகத் தெரியும் மணி கொஞ்சம் தடிப்பாக இருக்கும், அதுதான் குறை. அது பிடிக்கும் என்கிறவர்களும் நிறைய.

கெமிக்கல்னா பார்சல்காரங்க எடுக்க மாட்டோம்னு சொல்லுதாங்களே?

லிக்விடையும் ஆசிட்டையும்தான் பெரும்பாலும் மறுக்கிறார்கள். விமானத்தில் ஏறும் பார்சல் என்றால் கெடுபிடி அதிகம். ஆர்டர் போடும்போதே தரைவழி பார்சலா என்று கேளுங்கள். பவுடருக்குச் சிக்கல் குறைவு. கிளேசியல் அசிட்டிக் ஆசிட்டைப் பார்சலில் வரவழைக்க முயலவே வேண்டாம், பக்கத்திலேயே கிடைக்கிறது.

நாமளே கலக்கினா மலிவுன்னு சொல்லுதாங்க. டெவலப்பருக்கு என்னெல்லாம் வேணும்?

முதல் தடவைக்கு டி-23 கலக்குங்கள். இரண்டே பொருள்: மெட்டால் 7.5 கிராம், நீரற்ற சோடியம் சல்பைட் 100 கிராம், மொத்தம் 1 லிட்டர். கை பழகியதும் டி-76: மெட்டால் 2 கிராம், சல்பைட் 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், வெண்காரம் 2 கிராம், மொத்தம் 1 லிட்டர்.

வரிசை முக்கியம். 50 டிகிரிச் சூட்டில் 750 மில்லி தண்ணீர் எடுத்து, அதில் ஒரு சிட்டிகை சல்பைட் போட்டுவிட்டு மெட்டாலைக் கரையுங்கள். அது முழுவதும் கரைந்த பிறகே மீதி சல்பைட், அப்புறம் மற்றவை. சல்பைட் முழுவதையும் முதலில் கொட்டிவிட்டால் மெட்டால் கரையாமல் வெள்ளைத் துகளாக மிதக்கும். கடைசியில் தண்ணீர் விட்டு லிட்டருக்குக் கொண்டுவந்து, ஆறவைத்துப் பாட்டிலில் ஊற்றுங்கள்.

மெட்டாலும் ஹைட்ரோகுவினோனும் கல்லூரிகளுக்குச் சப்ளை செய்யும் கெமிக்கல் கடையில் எல்.ஆர். எனும் சாதாரண ஆய்வகத் தரத்தில் 100 கிராம் பாட்டிலாகக் கேளுங்கள். அதைவிடச் சுத்தமான ஏ.ஆர். தரம் வீண் செலவு. கடையில் இருப்பு இல்லாவிட்டாலும், கொச்சியிலோ மும்பையிலோ இருக்கும் கம்பெனிகளிடமிருந்து அவர்களுடைய அடுத்த ஆர்டரோடு சேர்த்து வரவழைத்துத் தருவார்கள். மெட்டால் சிலருக்குத் தோலில் அரிப்பும் புண்ணும் உண்டாக்கும், நைட்ரைல் கையுறை இல்லாமல் தொட வேண்டாம்.

சோடியம் சல்பைட் கேட்டேன், சல்பேட் தந்துட்டாரு. ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லவே இல்லை. இந்தப் பக்கத்தில் அதிகம் பேர் பணத்தையும் ரோலையும் இழப்பது இந்த ஒரு எழுத்தில்தான். சல்பைட் டெவலப்பரைக் காற்றிலிருந்து காக்கிறது. சல்பேட் அங்கே வெறும் உப்பு, கலந்த கொஞ்ச நேரத்திலேயே டெவலப்பர் பழுப்பாகிச் செத்துவிடும். சல்பைடு என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் அதை ஃபிலிம் பக்கமே கொண்டுவரக் கூடாது.

பெயரை நம்பாமல் லேபிளில் சி.ஏ.எஸ். எண்ணை, அதாவது ஒவ்வொரு கெமிக்கலுக்கும் உள்ள தனி எண்ணைப் பாருங்கள். நீரற்ற சல்பைட் 7757-83-7. சல்பேட் 7757-82-6. ஹைப்போ, அதாவது படிகச் சோடியம் தயோசல்பேட், 10102-17-7. மெட்டால் 55-55-0. ஹைட்ரோகுவினோன் 123-31-9. ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கடைக்காரரிடமே நீட்டிவிடலாம், அவருக்கும் அது சௌகரியம்.

லேபிள் இல்லாத பொட்டலத்துக்கு வீட்டுச் சோதனை: கால் டம்ளர் தண்ணீரில் ஒரு சிட்டிகை கரைத்து, புண்ணுக்குப் போடும் அயோடின் மருந்து ஒரு சொட்டு விடுங்கள். பழுப்பு நிறம் உடனே மறைந்தால் சல்பைட் அல்லது ஹைப்போ, மறையாவிட்டால் சல்பேட். அப்புறம் இன்னொரு சிட்டிகைக் கரைசலில் கொஞ்சம் வினிகர். தீக்குச்சி உரசிய நெடி மட்டும் வந்து தெளிவாகவே இருந்தால் சல்பைட், சிறிது நேரத்தில் பால் மாதிரி கலங்கினால் ஹைப்போ. ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த இரண்டாவது சோதனையைச் செய்ய வேண்டாம்.

மீன் தொட்டிக் கடையில ஹைப்போ விக்காங்க. அது ஃபிக்ஸருக்கு ஆகுமா?

ஆகும். குழாய்த் தண்ணீரின் குளோரினை எடுக்க வளர்ப்பு மீன்காரர்கள் போடும் அந்தப் படிகம் சோடியம் தயோசல்பேட்தான். சொட்டு மருந்தாகப் பாட்டிலில் வருவது நீர்த்துப்போனது, அது வேண்டாம். கல் உப்பு மாதிரி நிறமில்லாத படிகமாக, கிலோக் கணக்கில் கேளுங்கள்.

250 கிராம் படிகமும் 15 கிராம் சோடியம் சல்பைட்டும் 1 லிட்டருக்கு. ஹைப்போ கரையும்போது தண்ணீர் சில்லென்று குளிர்ந்துவிடும், அதனால் சூடான தண்ணீரில் தொடங்குங்கள். கடையில் நீரற்ற பொடி தந்தால் 250-க்குப் பதில் 160 கிராம். இந்த ஃபிக்ஸர் மெதுவானது. பாட்டில் ரேபிட் ஃபிக்ஸருக்கு 2 முதல் 5 நிமிடம் என்றால் இதற்கு 8 முதல் 10 நிமிடம் விடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஆஸ்பத்திரியிலும் துப்புரவுப் பொருள் கடையிலும் "ஹைப்போ" என்றால் சோடியம் ஹைபோகுளோரைட், அதாவது தரை கழுவும் குளோரின் தண்ணீர். அது ஃபிலிம் மேல் இருக்கும் ஜெலட்டின் பூச்சையே கரைத்துவிடும், ஆசிட்டோடு சேர்ந்தால் நச்சு வாயு வரும். மொட்டையாக "ஹைப்போ" என்று யாரையும் அனுப்பி வாங்கச் சொல்லாதீர்கள்.

எங்க வீட்டுல ரப்பர் ஷீட் அடிக்க ஆசிட் இருக்கு. ஸ்டாப் பாத்துக்கு அது போதும்லா?

கேனில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. குலசேகரம், திருவட்டாறு, அருமனை பக்கம் ரப்பர் பாலை உறைய வைக்கப் பெரும்பாலும் வாங்குவது ஃபார்மிக் ஆசிட். அது வேண்டாம். தோலைப் பொத்தல் போடும், நெடி தாங்காது, மிச்சம் ஃபிலிமோடு ஃபிக்ஸருக்குள் போனால் கந்தகம் பிரிந்து ஃபிக்ஸரும் கெடும். அசிட்டிக் ஆசிட் என்று இருந்தால் ஆகும். 99 சதவீத கிளேசியல் என்றால் லிட்டருக்கு 15 மில்லி. தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக் கூடாது.

2013-இல் உச்ச நீதிமன்றம் கட்டுப்பாடு விதித்த பிறகு ஆசிட் விற்கும் கடைகள் அடையாள அட்டையும் காரணமும் கேட்கலாம். ஃபிலிம் கழுவ என்று உள்ளதைச் சொல்லுங்கள். பெயர் குழம்பி "அசிட்டிக் அன்ஹைட்ரைடு" கேட்டுவிடாதீர்கள், அது அரசு கண்காணிப்பில் இருக்கும் வேறு பொருள். இந்த வம்பே வேண்டாம் என்றால் மளிகைக் கடை வெள்ளை வினிகர் ஒரு பங்கு, தண்ணீர் இரண்டு பங்கு. அல்லது சிட்ரிக் ஆசிட் லிட்டருக்கு 15 கிராம். சிட்ரிக் கலவையில் நாலு நாளில் பூஞ்சை பிடிக்கும், அன்றன்றைக்குக் கலக்கி அன்றே கொட்டிவிடுங்கள்.

வெண்காரமும் சோடாவும் எங்க வாங்க?

வெண்காரம் கோட்டாறு கடைவீதி மாதிரி இடங்களில் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். பொரிக்காத பச்சை வெண்காரம் என்று கேளுங்கள். பொரித்ததில் தண்ணீர் போய்விடுவதால் எடை மாறிவிடும், 2 கிராமுக்குப் பதில் ஏறத்தாழ 1 கிராம் போதும்.

சோடா, கீழே வரும் காபி டெவலப்பருக்கு வேண்டியது. அதில் இரண்டு பெயரைக் குழப்பாதீர்கள். ஆப்பத்துக்குப் போடும் சோடா உப்பு பைகார்பனேட், நமக்கு வேண்டியது சலவை சோடா, அதாவது கார்பனேட். சலவை சோடா பளபளக்கும் படிகமாக இருந்தால் எடையில் 63 சதவீதம் தண்ணீர், நீரற்ற பொடி 54 கிராம் கேட்கும் இடத்தில் 146 கிராம் போட வேண்டும். வெயிலில் மேல்பக்கம் மாவாகிப்போன படிகத்துக்கு எந்தக் கணக்கும் நிற்காது. அப்போது ஆப்ப சோடாவையே இரும்புச் சட்டியில் கிளறி வறுத்து, கொதிப்பது மாதிரி பொங்குவது அடங்கிய பிறகும் கொஞ்ச நேரம் வைத்து இறக்குங்கள். 100 கிராம் போட்டால் 63 கிராம் சுத்தமான நீரற்ற கார்பனேட் நிற்கும். எடை அதற்கு மேல் இருந்தால் இன்னும் வறுக்க வேண்டும்.

காபித்தூள்ல ஃபிலிம் கழுவலாம்னு சொல்லுதது உள்ளதா, புளுகா?

உள்ளதுதான். கேஃபினால் என்று பெயர். ஒரு லிட்டருக்கு நீரற்ற சலவை சோடா 54 கிராம், வைட்டமின் சி 16 கிராம், இன்ஸ்டன்ட் காபி 40 கிராம். 300 மில்லி டேங்குக்கு முறையே 16, 5, 12 கிராம். சோடாவைக் கரைத்துத் தெளிந்த பிறகு வைட்டமின் சி, அதன் பிறகு காபி. நுரை அடங்கப் பத்து நிமிடம் வைத்துவிட்டு ஊற்றுங்கள். 20 டிகிரியில் 15 நிமிடம்.

வேலை செய்வது காபியில் இருக்கும் கஃபீயிக் அமிலம், கஃபீன் அல்ல. சிக்கரி கலந்த காபியில் அந்த அளவுக்குக் காபி குறைந்துவிடும். நெஸ்கஃபே கிளாசிக் சுத்தக் காபி. சன்ரைஸ், சாதாரண ப்ரூ இன்ஸ்டன்ட் இரண்டும் சிக்கரி சேர்ந்தவை. எதை வாங்கினாலும் பொட்டலத்தில் விகிதம் அச்சிட்டிருக்கும், பாருங்கள். நல்ல டிகாக்‌ஷன் போட்டால் இன்னும் உசத்தி என்று நினைக்காதீர்கள், விலை குறைந்த ரொபஸ்டா தூள்தான் இதற்குச் சரி. வைட்டமின் சி-யைச் சப்பும் மாத்திரையாக வாங்கினால் சர்க்கரையும் நிறமும் சேர்ந்து வரும், பொடியாக வாங்குங்கள். நாற்றத்துக்கு வீட்டில் யாராவது திட்டினால் அதற்கு எங்களிடம் பதில் இல்லை.

எக்ஸ்ரே டெவலப்பர், ஃபிக்ஸர் மெடிக்கல் சப்ளை கடையில உண்டு. அது ஆகாதா?

ஃபிக்ஸர் ஆகும். ஜெலட்டினை இறுக்கும் ஹார்டனர் சேர்ந்த வகை என்றால் கடைசி அலசலை நீட்டுங்கள். டெவலப்பர் எலும்பை எடுத்துக் காட்டச் செய்தது, அதில் கழுவினால் முகம் சுண்ணாம்பும் கரியுமாக வரும். பேப்பர் பிரின்டுக்கும் எக்ஸ்ரே ஃபிலிமையே கேமராவில் போட்டு எடுப்பவர்களுக்கும் அது பிரயோஜனப்படும், சாதாரண ரோலுக்கு வேண்டாம். ஆஸ்பத்திரிகள் டிஜிட்டலுக்குப் போய்விட்டதால் இருப்பில் கிடப்பது பழைய சரக்காக இருக்கலாம், தேதி பார்த்து வாங்குங்கள்.

எல்லாத்துலயும் 20 டிகிரின்னு போட்டிருக்கு. எங்க டேங்க் தண்ணி 29. என்ன செய்ய?

20-க்கு இழுத்துப் பிடிக்க வேண்டியதில்லை. 24-இல் நில்லுங்கள். வெப்பம் ஏற ஏற நேரத்தைக் குறைக்க வேண்டும். 20 டிகிரியில் 4 நிமிடம் என்றால் 23-இல் 3 நிமிடம் என்பது இல்ஃபோர்டு தரும் கணக்கு. ஹெச்பி5 பிளஸ் ஃபிலிமுக்கு ஐடி-11 1+1 (சரிபாதி தண்ணீர் கலந்த) கரைசலில் 20 டிகிரிக்கு 13 நிமிடம், 24-க்கு 9 நிமிடம். தண்ணீர் கூட்டாத நேரடிக் கரைசலில் அதே ஃபிலிமுக்கு 20-இல் 7.5 நிமிடம்தான், நம் ஊர்ச் சூட்டில் அது 5 நிமிடத்துக்குக் கிட்டே வந்துவிடும். 5 நிமிடத்துக்குக் கீழே போனால் டெவலப்பர் ஊற்றும் நேரமே கோடு கோடாகப் படத்தில் தெரியும். அதனால்தான் இங்கே எப்போதும் 1+1 கலக்கச் சொல்கிறோம். கேஃபினாலுக்கும் இதே விகிதம், 24-இல் 10 நிமிடம்.

குளிர்விக்க ஐஸைக் கரைசலுக்குள் போடாதீர்கள். பக்கெட் தண்ணீரில் ஐஸ் போட்டு அதில் பாட்டில்களை நிறுத்துங்கள். டெவலப்பர் மட்டும் குளிர்ந்து ஃபிக்ஸரும் அலசல் தண்ணீரும் 30-இல் இருந்தால் ஜெலட்டின் சுருங்கி விரிந்து தோலில் வெடிப்பு மாதிரி வரும். எல்லாப் பாட்டிலும் ஒரே பக்கெட்டில் நிற்கட்டும்.

நாங்க கடப்புறத்து ஆளுங்க, போர் வெள்ளம் உப்பு கரிக்கும். அதுல கழுவலாமா?

குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் எல்லாம் இதே பாடுதான். டெவலப்பர் கலக்கவும் கடைசி அலசலுக்கும் 20 லிட்டர் கேன் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். நடு அலசலுக்கு அந்த போர்வெல் உப்புத் தண்ணீர் போதும், ஃபிக்ஸரை அது இன்னும் வேகமாகவே வெளியே இழுக்கும். ஆனால் கடைசியில் நல்ல தண்ணீர் படாமல் காயவிட்டால் உப்புப் பொரிந்து புள்ளியாக நிற்கும்.

கேன் தண்ணீரைச் சிக்கனமாகச் செலவிட இல்ஃபோர்டு முறை உண்டு, ஹார்டனர் இல்லாத ஃபிக்ஸருக்கு மட்டும். டேங்கை நிரப்பி 5 தடவை கவிழ்த்து எடுத்துக் கொட்டவும், மறுபடி நிரப்பி 10 தடவை, மறுபடி 20 தடவை. ஒரு ரோலுக்கு ஒரு லிட்டர் போதும். நாலாவதாக வெட்டிங் ஏஜென்ட் கலந்த தண்ணீர்.

டேங்க், தராசு எல்லாம் எது நல்லது? பழசு வாங்கலாமா?

பேட்டர்சன் மாதிரி பிளாஸ்டிக் டேங்க் கற்றுக்கொள்ள எளிது. 35 மி.மீ. ரோல் ஒன்றுக்கு 290 மில்லி, '120' என்ற அகல வகை ரோல் ஒன்றுக்கு 500 மில்லி என்று அடியிலேயே எழுதியிருக்கும். பழசாக வாங்கினால் நடுக்குழாய் இருக்கிறதா பாருங்கள். அது இல்லாத டேங்கில் வெளிச்சம் புகும், எத்தனையோ பேர் அதைத் தேவையில்லாத துண்டு என்று தூக்கிப் போட்டுவிட்டு விற்கிறார்கள். பிளாஸ்டிக் ரீல் எலும்பாகக் காய்ந்திருக்க வேண்டும், ஈரம் இருந்தால் ஃபிலிம் பாதியில் சிக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் சேஞ்சிங் பேக்குக்குள் கை வியர்த்தாலே சிக்கும். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, விரலைப் பவுடர் இல்லாமல் துடைத்துவிட்டு ஏற்றுங்கள்.

தராசுக்கு நகைக்காரர்கள் வைத்திருக்கும் பாக்கெட் தராசு, 0.1 கிராம் காட்டினால் போதும். பொட்டாசியம் புரோமைடு மாதிரி அரை கிராம், ஒரு கிராம் வேண்டிய பொருளை 10 கிராம் எடுத்து 100 மில்லியாகக் கரைத்து வையுங்கள். 10 மில்லி ஊற்றினால் 1 கிராம்.

பூட்டிப்போன ஸ்டுடியோவுல பழைய டப்பாவும் 'இந்து' போட்டோ பேப்பரும் கிடக்கு. எடுக்கலாமா?

சாமானை யோசிக்காமல் எடுங்கள். என்லார்ஜர், டிரே, பேப்பர் வெட்டி, கிளிப் இவற்றுக்கு வயசு இல்லை. என்லார்ஜர் லென்ஸைத் தூக்கி வெளிச்சத்தில் பாருங்கள், சிலந்தி வலை மாதிரி பூஞ்சை ஓடியிருக்கும்.

கெமிக்கலில் பிரித்துப் பார்க்க வேண்டும். ஹைப்போ, புரோமைடு, கார்பனேட், அசிட்டிக் ஆசிட் நாள்பட்டாலும் கெடாது. மெட்டால் வெள்ளையாகவோ லேசாகச் சாம்பல் நிறமாகவோ இருந்தால் ஆகும், காபி நிறம் என்றால் வேண்டாம். ஹைட்ரோகுவினோன் ஊசி ஊசியாக வெளுப்பாக இருக்க வேண்டும். சல்பைட்தான் ஏமாற்றும். பார்க்க வெள்ளையாகவே இருந்தாலும் காற்றுப் பட்டு மெல்ல சல்பேட்டாக மாறிப்போயிருக்கும். கட்டி தட்டியிருந்தால் விட்டுவிடுங்கள், மேலே சொன்ன அயோடின் சோதனையும் பாதி கெட்டதைக் காட்டிக்கொடுக்காது.

'இந்து' என்பது 1960-இல் தொடங்கிய ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் நிறுவனத்தின் சரக்கு. ஆலை மூடிவிட்டதால் கிடைக்கும் பேப்பர் எல்லாம் பழசு, கடலோர ஈரத்தில் இருந்தது சாம்பல் பூத்திருக்கும். வாங்கும் முன் இருட்டில் ஒரு துண்டு வெட்டி, வெளிச்சம் காட்டாமல் டெவலப்பரில் இரண்டு நிமிடம் போட்டு ஃபிக்ஸ் செய்யுங்கள். வெள்ளையாக நின்றால் பேப்பர் உயிரோடு இருக்கிறது.

கலக்கி வச்சது எத்தனை நாள் நிக்கும்?

டி-76 நேரடிக் கரைசல் முழுப் பாட்டிலில் 6 மாசம், அரைப் பாட்டிலில் 2 மாசம் என்பது கோடாக் கணக்கு. நம் சூட்டுக்கு அதைவிடக் குறைவாகவே வையுங்கள். ஒரு லிட்டரை ஒரே பாட்டிலில் வைக்காமல் 150 மில்லி பாட்டில்களில் கழுத்துவரை நிரப்பி வைத்தால் ஒரு ரோலுக்கு ஒரு பாட்டில், 1+1-க்கு அளக்கவும் வேண்டாம். 1+1 ஆக்கியதை ஒரு தடவையோடு கொட்டிவிட வேண்டும். குளிர்பான பாட்டிலில் ஊற்றுகிறவர்கள் லேபிளைக் கிழித்து, பெரிய எழுத்தில் என்னவென்று எழுதி, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

டெவலப்பர் தேயிலைத் தண்ணீர் நிறமானால் கொட்டுங்கள். ரோடினால் மட்டும் விதிவிலக்கு, கறுத்துப்போனாலும் வேலை செய்யும். ஃபிக்ஸருக்கு வெட்டிய ஃபிலிம் நுனியைப் போட்டுப் பாருங்கள். அது தெளிவாக எவ்வளவு நேரம் ஆகிறதோ அதைப் போல் இரண்டு மடங்கு ஃபிக்ஸ் செய்ய வேண்டும். புதிதாகக் கலந்தபோது ஆன நேரத்தைப் பாட்டிலிலேயே எழுதி வையுங்கள், அது இரட்டிப்பானால் ஃபிக்ஸர் தீர்ந்தது.

கழுவி எடுத்தா ஃபிலிம் வெறும் கண்ணாடி மாதிரி இருக்கு. கெமிக்கல் தப்பா, கேமரா தப்பா?

ஓரத்தைப் பாருங்கள். ஃபிலிம் பெயரும் எண்ணும் கறுப்பாக அச்சாகியிருந்தால் டெவலப்பர் நல்லது, ஃபிலிம் கேமராவில் ஓடவில்லை அல்லது ஷட்டர் திறக்கவில்லை. ஓர எழுத்தும் இல்லாவிட்டால் டெவலப்பர் செத்தது, இல்லையென்றால் ஃபிக்ஸரை முதலில் ஊற்றிவிட்டீர்கள். ஓர எழுத்து வெளிறிக் கிடந்தால் சல்பைட், சலவை சோடா பற்றிய பதில்களை மறுபடி பாருங்கள், பெரும்பாலும் பொருள் மாறியிருக்கும் அல்லது எடை தப்பியிருக்கும்.

பால் படர்ந்தது மாதிரி இருந்தால் ஃபிக்ஸ் போதவில்லை. பயப்பட வேண்டாம், புது ஃபிக்ஸரில் மறுபடி போட்டால் தெளியும்.

மழைக் காலத்துல ஃபிலிமை எங்க வைக்க?

நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு, ஈரம் விடும் மாசங்கள் குறைவு. கழுவாத ஃபிலிமை டப்பாவோடு ஜிப் கவரில் போட்டு, சிலிக்கா ஜெல் வைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். எடுத்தால் உடனே திறக்காதீர்கள், இரண்டு மணி நேரம் வெளியே கிடக்கட்டும். இல்லாவிட்டால் ஃபிலிம் மேலேயே வியர்க்கும். பவுடர் கெமிக்கலுக்கு ஃப்ரிட்ஜ் வேண்டாம், இறுக மூடிய டப்பா போதும்.

கலர் ஃபிலிமும் வீட்டுல கழுவலாமா?

சி-41 எனும் கலர் நெகட்டிவ் முறைக்கான கிட் வாங்கினால் முடியும். டெவலப்பர் 38 டிகிரியில் 3 நிமிடம் 15 விநாடி. வெப்பம் அரை டிகிரி நகர்ந்தாலும் நிறம் மாறத் தொடங்கும், கலந்த கிட் சீக்கிரம் கெடும். ஏழெட்டு ரோல் சேர்ந்த பிறகு கிட்டைக் கலக்குங்கள். சினிமா ஃபிலிமை வெட்டி ரோலாக்கி விற்பார்கள். அதன் முதுகில் கரிப்பூச்சு இருந்தால் லேபுக்குக் கொடுக்காதீர்கள், அவர்களுடைய மெஷினையே கெடுத்துவிடும்.

தீர்ந்த ஃபிக்ஸரை எங்க கொட்ட? எங்க வீட்டுல கிணறு இருக்கு.

டெவலப்பரையும் ஸ்டாப் பாத்தையும் ஒன்றாகக் கலந்து நிறையத் தண்ணீரோடு சாக்கடையில் விடலாம். ஃபிக்ஸரை அப்படி விடக் கூடாது. அதில் ஃபிலிமிலிருந்து வந்த வெள்ளி கரைந்திருக்கிறது. செப்டிக் டேங்கில் விட்டால் அங்கே வேலை செய்யும் கிருமிகளைக் கொல்லும், தென்னை மூட்டில் ஊற்றினால் கிணற்றுக்குத்தான் இறங்கும்.

தனி பிளாஸ்டிக் கேனில் சேர்த்து, அதில் இரும்பு நாரைப் போட்டு இரண்டு வாரம் வையுங்கள். இரும்பு கரைந்து அதன் இடத்தில் வெள்ளி கறுப்பு வண்டலாகப் படியும். பாத்திரம் தேய்க்கும் பளபள ஸ்க்ரப்பர் பெரும்பாலும் ஸ்டெயின்லெஸ், அது ஒன்றும் செய்யாது. வாங்கியதை ஒரு ராத்திரி உப்புத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், துருப் பிடித்தால் அதுதான் சரியான நார். வண்டலை வடித்துக் காயவைத்து, பழைய எக்ஸ்ரே ஃபிலிமை வெள்ளிக்காக எடுப்பவர்களிடம் கொடுக்கலாம். வடித்த தண்ணீரை அகலமான டிரேயில் வெயிலில் வற்றவிட்டு, அடியில் மிஞ்சும் உப்பைக் கட்டி வைத்து அதையும் அவர்களிடமே கேட்டுப் பாருங்கள். நாலைந்து ரோலுக்கு வெள்ளி என்று பெரிதாக ஒன்றும் தேறாது, கிணற்றுக்காகத்தான் இந்தப் பாடு.